அண்ணனும் நானும் கூட்டாக வைத்திருக்கும் பூர்வீக நிலத்தில் அவர் பங்கை வாங்க நினைக்கிறேன். விலை ஒத்துவரவில்லை, "கோர்ட்டில் ஏலத்துக்கு விடுவேன்" என்கிறார். என்ன செய்வது?

சென்ற வருடம் நானும் என் அண்ணனும் இப்படித்தான் முறுக்கிக்கொண்டு நின்றோம். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, 18 தென்னை. அவர் தார்ச்சாலையோரம் மனையாக விற்ற இடத்தின் விலையைச் சொன்னார். நான் அரசின் வழிகாட்டி மதிப்பைச் சொன்னேன். இரண்டுமே பொய்க்கணக்கு என்று இருவருக்கும் தெரியும்.

சித்தப்பாதான் வழி சொன்னார்: "பெரியவன் விலை சொல்லட்டும். அந்த விலைக்கு வாங்குவதா, விற்பதா என்று சின்னவன் சொல்லட்டும்." அண்ணன் ஓர் இரவு யோசித்தார். காலையில் சொன்ன விலை, முதலில் கேட்டதைவிட சென்ட்டுக்கு 8,000 ரூபாய் குறைவு. வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கை வறண்டவருக்கு இந்த முறை அநியாயம். அவருக்குத் தவணை கொடுத்தால்தான் செல்லும்.

விலை முடிந்தும் பத்திரம் இரண்டு மாதம் நகரவில்லை. விசாரித்தால், சிக்கல் தண்ணீரில். அண்ணன் தனியாக வாங்கிய பக்கத்துக் காட்டுக்கும் அதே கிணறுதான். இலவச மின் இணைப்பு அப்பா பெயரில். கிணற்றில் பாதிப் பாத்தியம், செவ்வாயும் புதனும் அவர் முறை, வடக்கு வரப்போரம் குழாய் என்று எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். உங்கள் அண்ணனுக்கும் விலைக்குப் பின்னால் ஏதாவது இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஏல மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டப்படி, பிரிக்க வசதிப்படாத சொத்தை விற்கச் சொல்லிப் பாதிப் பங்குக்காரர் கேட்கலாம். ஆனால் அப்படிக் கேட்டவரின் பங்கை, நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு வாங்க மற்றவருக்கு உரிமை உண்டு. வெளியாளுக்கு விற்கப் பார்த்தாலும், உயில் இல்லாமல் அப்பாவிடமிருந்து வாரிசுகளுக்கு வந்த நிலம் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 22ஆம் பிரிவின்படி முதல் உரிமை உங்களுக்கு. விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது.

கிரயத்துக்குப் பதில், கூட்டுச் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதுங்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வைக்கு 2023 ஜூலை முதல் 40,000 ரூபாய் உச்சவரம்பு, பதிவுக் கட்டணத்துக்கு 10,000.

முன்பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று எடுத்துவிடுங்கள். அப்பா வைத்த அடமானம் ஒன்று எங்களுக்கு அதில்தான் தெரியவந்தது. அதை யார் தலையில் கட்டுவது என்று இன்னொரு வாரம் பேசினோம்.