‘சரி.’ என்று போட்டால் கோபமா? வாட்ஸப் பேச்சு பற்றிக் கேள்வி பதில்

கல்லூரியில் 26 வருஷம் மொழியியல் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் தந்தி ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். போனில் நாம் பேசிக்கொள்ளும் விதம் பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்து குவிந்ததில் பாதி மொழிக் கேள்வி, பாதி குடும்பச் சண்டை. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

டீச்சர், பொண்ணு பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ‘இந்த வாரம் வரலப்பா’ என்று அனுப்பினாள். நான் ‘சரி.’ என்று போட்டேன். ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, ‘அப்பாவுக்கு என்ன கோவம்?’ என்கிறாள். நான் என்ன தப்பு செய்தேன்? – ஒரு அப்பா, திருச்சி

அந்தப் புள்ளிதான் சார் தப்பு. வாக்கியம் முடிந்தால் புள்ளி வைக்க வேண்டும் என்று படித்தவர் நீங்கள். வைக்காவிட்டால் வாத்தியார் சிவப்பு மையில் சுழித்திருப்பார். உங்கள் பெண்ணுக்கோ அனுப்பும் பொத்தானை அமுக்கியதுமே வாக்கியம் முடிந்துவிட்டது. அதற்கப்புறமும் ஒரு புள்ளி இருந்தால், அது ஏன் இருக்கிறது என்று மனசு தேட ஆரம்பிக்கும். கிடைக்கிற அர்த்தம்: ‘போதும், பேச்சை நிறுத்து.’

அமெரிக்காவில் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களை வைத்து இதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். ஒற்றைச் சொல் பதில் குறுஞ்செய்தியில் புள்ளியோடு வந்தபோது, மனசாரச் சொன்னது மாதிரி இல்லை என்றார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டில் காட்டினால் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நீங்கள் ‘சரிம்மா’ என்று போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நம் மொழியில் அந்த வசதி இருக்கிறது: மா, டா, பா, ங்க. முகத்தில் காட்ட வேண்டியதை அந்த ஒன்றிரண்டு எழுத்து சுமந்துகொண்டு போய்விடும்.

அதே அப்பா: அப்போ கட்டைவிரல் படம் போடலாமா?

அதற்கு ‘சரி.’ தேவலை.

என் மகன் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறான். தமிழ் மீடியத்தில் படித்தவன். வெட்கமாக இருக்கிறது. – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, கோபப்படாமல் ஒரு கணக்குப் பார்ப்போம். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்து என்றால் 160 போடலாம். தமிழ் என்றால் 70 தான். அதிலும் மெய்யின் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘நான் வந்துகொண்டிருக்கிறேன்’ என்பது நம் கண்ணுக்கு 13 எழுத்து. போனுக்கு இடைவெளியோடு 26. வருகிறேன் என்று சொல்வதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. பழைய போன்களின் காலத்தில் மீறினால் இரண்டு செய்திக் காசு போனது. இத்தனைக்கும் எதிர்முனைப் போனில் அது பல சமயம் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. அந்தக் காலத்தில் விரல் பழகியவர்கள் பிழைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வழி தேவைப்பட்ட காரணம் போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது.

ஆனால் இது பாதிதான். இன்று போனில் தமிழ் அடிக்கச் செல்லினம், ஜிபோர்டு போன்ற செயலிகள் இருக்கும்போதும் பையன்கள் ஏன் மாறவில்லை? தமிழ் எழுத்தைத் தொட்டால் எழுத்துத் தமிழும் கூடவே வந்துவிடுமோ என்ற பயம் என்று நினைக்கிறேன். ‘வந்துட்டு இருக்கேன்டா’ என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதலாம் என்று நாம், அதாவது வாத்தியார்கள், அவர்களுக்குச் சொல்லித்தரவே இல்லை. கொச்சை என்று அடித்துவிட்டோம். பேச்சுக்கு ஒரு தமிழ், எழுத்துக்கு ஒரு தமிழ் என்று இரண்டு வைத்திருக்கும் மொழி நம்முடையது. போன் வந்து பேச்சையே எழுதச் சொன்னபோது, திட்டு விழாத எழுத்தைப் பிள்ளைகள் தேடிக்கொண்டார்கள்.

ஒன்று செய்யுங்கள். உங்கள் மகனுக்கு நீங்களே பேச்சுத் தமிழில், தமிழ் எழுத்தில் அனுப்பிப் பாருங்கள். ‘எங்கடா இருக்க, சாப்பாடு எடுத்து வைக்கவா’ என்று. திருத்தாமல்.

நீல டிக் விழுந்தும் பதில் போடாத தோழியை என்ன செய்யலாம்? – பெயர் வேண்டாம்

ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த நீலம் 2014 நவம்பரில் வந்தது. அதற்கு முன் கடிதம் போட்டுவிட்டுப் பத்து நாள் காத்திருந்தவர்கள் நாம். கடிதத்தை அவள் எப்போது பிரித்தாள் என்று தபால்காரர் வந்து சொன்னதில்லை, அதனால் சண்டையும் இல்லை. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போதும் செய்தி நீலமாகும். அமைப்புகளில் போய் அதை அணைத்துவிடுங்கள். அணைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. அதுதான் மருந்து.

அலுவலகக் குரூப்பில் தாமதமாக வந்தவரை ‘ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்க சார்’ என்று கிண்டலடித்தேன். அவர் ‘நன்றி’ என்று போட்டார். புரிந்ததா, புரியவில்லையா? – சென்னை

தெரியாது, உங்களுக்கும் தெரியாது! 2005-ல் வந்த ஒரு ஆய்வில் சிலர் சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் அனுப்பினார்கள். குரலில் கேட்டவர்கள் நூற்றுக்கு 73 தடவை சரியாகப் பிரித்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56. காசு சுண்டிப் பார்த்தாலே 50 வரும். வேடிக்கை என்னவென்றால், எழுதியவர்கள் எதில் அனுப்பினாலும் 78 தடவை புரிந்துவிடும் என்றே நம்பினார்கள். எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்கிறது, அதனால் வரும் மயக்கம். வாயால் சொல்லியிருந்தால் ‘ரொம்ம்ம்ப’ என்று இழுத்திருப்பீர்கள். எழுத்தில் அந்த இழுவையைக் காணோம். நாளைக்கு நேரில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மாமனார் தினமும் காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூ வாழ்த்து அனுப்புகிறார். – ஒரு மருமகள்

தந்தியில் வாழ்த்துக்கு நம்பர் இருந்தது. தீபாவளிக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. படிவத்தில் நம்பர் மட்டும் எழுதுவார்கள், போய்ச் சேரும்போது முழு வரியாகப் போகும். யாரோ எழுதிவைத்த வரி என்று வாங்கியவருக்கும் தெரியும். யாரும் குறை சொன்னதில்லை. ‘நான் இருக்கிறேன், உன்னை நினைத்தேன்’ என்பதுதான் சேதி. ரோஜாவும் அதேதான். சத்தத்தை மட்டும் அணைத்து வையுங்கள் மா. ஒருநாள் ரோஜா வராவிட்டால் நீங்களே போன் போடுவீர்கள்.

மாமியாரின் ஏழு நிமிடக் குரல் செய்திகள்? – இன்னொரு மருமகள்

இரண்டு மடங்கு வேகம். அவரிடம் சொல்லாதீர்கள்.

பெரியப்பா தவறிய செய்தியைக் குடும்பக் குரூப்பில் போட்டோம். நாற்பதுக்கு மேல் கைகூப்பும் படங்கள். எடுப்பதற்குள் நேரில் வந்தவர்கள் ஒன்பது பேர். – மதுரை

என் சித்தி போன செய்தி எனக்குக் காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது வந்தது. அதற்கு மேலே யாரோ போட்ட பிரதோஷ வாழ்த்து. கீழே, செய்தியைப் படிக்காத ஒருவரின் ‘இனிய காலை வணக்கம்’. கடைக்காரர் ‘அரைக் கிலோ போதுமாக்கா?’ என்றார். போதும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அழுகை வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

சாவுக்கு நம்மிடம் தனி நடை இருந்தது. துட்டி சொல்ல ஆள் வருவார். அவர் வாசலில் நிற்கும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். நல்ல சேதிக்கு மஞ்சள் தடவுவோம், கருமாதிக் கடிதத்துக்குக் கறுப்பு ஓரம். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்ல மாட்டோம். தந்தியின் வடிவமே சேதி சொல்லிற்று. பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். 2013 ஜூலையில் அதையும் மூடிவிட்டார்கள். இப்போது சாவும் சாம்பார்ப் பொடி விளம்பரமும் ஒரே பெட்டியில் ஒரே அளவு எழுத்தில் வருகின்றன.

கைகூப்பியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் பலருக்குப் பழைய நாளில் சேதியே எட்டியிருக்காது. வராத பங்காளியைப் பற்றி நீங்கள் கேட்டால் அது வேறு. அடுத்த தடவை நெருங்கிய பத்துப் பேருக்கு யாராவது ஒருவர் போன் போட்டுச் சொல்லட்டும், குரூப்பில் அப்புறம் போடலாம்.

ஃபார்வர்டை ஐந்து பேருக்கு மேல் அனுப்ப விடமாட்டேன் என்கிறதே, ஏன்? – சேலம்

2018 மே மாதம் குலதெய்வம் கும்பிட சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போன ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் அடித்ததில் அறுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் இறந்துபோனார். அந்தச் சமயத்தில் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. நாட்டின் வேறு பகுதிகளிலும் இப்படி நடந்தது. அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஐந்து என்ற வரம்பு வந்தது. அந்த ஐந்தையும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

மகன் டொரன்டோவில். வாரம் ஒருமுறை வீடியோ கால். பாட்டி ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார். பேரனுக்கு அலுப்பு. – கும்பகோணம்

மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923-லேயே எழுதினார்: பேச்சில் ஒரு பகுதி தகவலுக்கு இல்லை, உறவைத் தொட்டுக்கொள்ள மட்டும் என்று. ‘சாப்பிட்டாச்சா?’ அந்த வகை. திண்ணையில் அது பேச்சின் தொடக்கம். அப்புறம் மாடு, மழை, எதிர்வீட்டுச் சண்டை என்று கண்ணில் படுவதெல்லாம் பேச்சாகும். வீடியோவில் கண்ணில் படுவது ஒரு முகம் மட்டும், அதனால் நின்றுவிடுகிறது.

போனைப் பாட்டி முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அவர் முருங்கைக்கீரை ஆயும்போது பக்கத்துச் சுவரில் சாய்த்து வையுங்கள். அங்கே பேரன் பாத்திரம் துலக்கட்டும். பேச்சு வந்தால் வரட்டும்.