ஊழியத்துக்குப் புறப்படும்போதெல்லாம் தடை வருகிறதே, எல்லாம் சாத்தானின் வேலையா?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சிறு குழுவாகப் போய்ச் சுவிசேஷம் சொல்லி வருகிறோம். புறப்படும் நாளில்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது, வண்டி பழுதாகிறது, வீட்டில் சண்டை மூள்கிறது. சென்ற மாதம் ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களைத் திட்டி அனுப்பிவிட்டார். உபவாசமிருந்து சாத்தானைக் கட்டி ஜெபிக்க வேண்டும் என்கிறார் குழுத்தலைவர். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, ஆவிக்குரிய எதிர்ப்பு உண்டு என்பதை வேதம் மறைக்கவில்லை, ஆனால் வருகிற தடை ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெயரைச் சூட்டவும் அது இடந்தரவில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, தாம் வரவிடாமல் சாத்தான் தடுத்தான் என்கிறார் பவுல். ஆசியாவில் வசனத்தைச் சொல்லாதபடி தடுத்தவரோ பரிசுத்த ஆவியானவர் என்று அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரம் கூறுகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்திலோ, கிறிஸ்துவின் பெயர் அறியப்படாத இடங்களில் செய்துவந்த ஊழியமே தாம் ரோமாபுரிக்கு வரத் தடையாயிற்று என்கிறார். அங்கே பிசாசைப் பற்றிய பேச்சே இல்லை. ஆகவே பிள்ளையின் காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போங்கள், அன்று ஊழியத்துக்குப் போகாமல் வீட்டில் இருங்கள். வீட்டுச் சண்டை தொடர்ந்தால், உங்கள் வீட்டுக்காரரின் மனமறிந்துதான் புறப்படுகிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

எதிர்ப்பு உள்ளிருந்தும் வரும் என்பதற்கு மதுரையே சாட்சி. 1606-இல் இங்கு வந்து காவியுடுத்தி, தமிழிலும் சமஸ்கிருதத்திலும் போதித்த இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலியின் முறையைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முதன்மையானவர், அவருக்கு முன்பே இங்கு பணிசெய்த அதே இயேசு சபையைச் சேர்ந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற குருவே. வழக்கு கோவா வழியாக ரோமாபுரி வரை போய், 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

ஊர்ப் பெரியவர் விஷயத்தில்தான் நீங்கள் மிகுந்த கவனமாயிருக்க வேண்டும். நம்முடைய போராட்டம் "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல", அதாவது மனிதரோடல்ல, என்று எபேசியர் 6:12 சொல்வதால், அவரைச் சாத்தானின் ஆளாக எண்ணி ஜெபிப்பது அந்த வசனத்துக்கே விரோதமானது. சில குழுக்கள் கருப்பசாமி கோவில் வாசலில் நின்று, இந்த ஊரின் ஆவியைக் கட்டுகிறோம் என்று உரத்த குரலில் ஜெபிக்கின்றன. திருவிழாவுக்காகப் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்துக்குள் நுழைந்து கைப்பிரதியும் நீட்டுகின்றன. அங்கே எழுகிற கோபத்துக்கு ஆவிக்குரிய விளக்கம் எதுவும் தேவையில்லை. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு தருகிற மதத்தைப் பரப்பும் உரிமையும் பொது ஒழுங்குக்கு உட்பட்டதே. நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லும்படி 1 பேதுரு 3:15 கற்பிக்கிறது. உங்கள் குழு அந்த வணக்கத்தோடுதான் ஊருக்குள் நுழைந்ததா?

உபவாசம் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் எதற்காக ஜெபிக்கிறீர்கள் என்பதில் பவுலைப் பின்பற்றுங்கள். சங்கிலியில் கட்டுண்டிருந்தபோதும் அவர் எபேசு சபையாரிடம் கேட்டது, சுவிசேஷத்தைத் தைரியமாய் அறிவிக்கத் தமக்கு வாக்குக் கொடுக்கப்படும்படி ஜெபிக்க வேண்டும் என்பதையே. எதிராளிகள் விழ வேண்டும் என்றோ, சங்கிலி அறுபட வேண்டும் என்றோ அங்கே கேட்கவில்லை.

அடுத்த முறை கைப்பிரதிக் கட்டு இல்லாமல், உங்களில் மூத்தவர் ஒருவரும் நீங்களுமாக அந்தப் பெரியவரைப் போய்ப் பாருங்கள். அவருக்கு எது வருத்தம் தந்தது என்று கேளுங்கள். வரவேண்டாம் என்று அவர் உறுதியாகச் சொன்னால், சில காலம் அந்த ஊரை விட்டுவிடுங்கள்.