சாயத் தண்ணீர் கணக்கில் எந்தப் பக்கம்?

கோவை வட்டாரக் கல்லூரி ஒன்றில் 22 ஆண்டுகளாக வணிகவியல் நடத்துகிறேன். ஆய்வுத் திறனையும் சஸ்டெயினபிலிட்டியையும் (இயற்கையைக் கெடுக்காமல் தொழில் செய்வதையும்) பி.காம்., எம்.பி.ஏ. வகுப்புக்குள் கொண்டுவருவது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இவை.

உதவிப் பேராசிரியர், உடுமலை: சிலபஸ் பல்கலைக்கழகம் தருவது. ஐந்து யூனிட்டை முடிக்கவே நாள் போதவில்லை. இதில் சஸ்டெயினபிலிட்டியை எங்கே செருகுவது, மேடம்?

தனியாகச் செருகவே வேண்டாம். சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாள் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைகள் அதை எப்படிப் படித்துத் தள்ளுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். காஸ்ட் அக்கவுண்டிங்கில் பிராசஸ் காஸ்டிங் (உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகச் செலவு எழுதும் கணக்கு) நடத்துவீர்கள் அல்லவா, அங்கே ஒரு சாயப்பட்டறையை எடுங்கள். திருப்பூர் உங்களுக்குப் பக்கம்தானே.

ஒரு கிலோ துணிக்கு 60 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்லுங்கள். லாரித் தண்ணீர், சாயம், உப்பு, விறகு, கூலி எல்லாம் டெபிட் பக்கம் வந்துவிடும். வெளியே போன சாயத் தண்ணீர் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். பாசனத்துக்கென்று அந்த ஆற்றின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு வந்து தேங்கியது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் விளைநிலமும் உப்பேறிப் போயின. அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பிறகு திறந்தார்கள். கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ., மிச்சத்தை ஆவியாக்கும் எவாப்பரேட்டர், அதற்கு ஓடும் கரண்ட் எல்லாம் இப்போது சாயக் கூலியில் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஏறியிருக்கிறது. அது புதிதாக முளைத்த செலவு இல்லை. அதுவரை பட்டறைக்காரர் கணக்கில் எழுதாமல் ஆற்றோரத்து விவசாயி தலையில் கட்டியிருந்த செலவு. இதை ஒரு மாணவன் தன் கையால் பிராசஸ் அக்கவுண்டில் ஏற்றிப் பார்க்கட்டும்.

எம்.பி.ஏ. மாணவி, மதுரை: பசுமைப் பொருட்கள் பற்றிய நுகர்வோர் விழிப்புணர்வு என்பது என் புராஜெக்ட். கூகுள் ஃபார்மில் 120 பேரிடம் வாங்கிவிட்டேன். கைடு, கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் டெஸ்ட் போட்டால் போதும் என்கிறார். போதுமா மேடம்?

போதாதும்மா. 'சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருளை வாங்குவீர்களா' என்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? அந்த 120 பேரில் பெரும்பாலோர் உன் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்களாகத்தான் இருப்பார்கள். எந்த டெஸ்ட் போட்டாலும் அந்தக் குறை போகாது. மனிதர்கள் சொல்வதை விடு, செய்வதை எண்ணு.

எங்கள் மாணவிகள் மூன்று பேர் விடுதி மெஸ்ஸில் மீந்த சோற்றை இரண்டு வாரம் எடை போட்டார்கள். முதல் இரண்டு நாள் வாளியின் எடையைக் கழிக்க மறந்துவிட்டார்கள். "ஒரு கிலோதான் இருக்கும் மேடம், கழிச்சுக்கலாமே" என்றார்கள். எல்லா வேளைக்கும் ஒரே வாளியா என்று கேட்டேன். மூவருக்கும் நினைவில்லை. அந்த இரண்டு நாள் கணக்கை விலக்கி, ஏன் விலக்கினோம் என்பதையும் அறிக்கையில் எழுதச் சொன்னேன். அளவீட்டுப் பிழை என்றால் என்ன என்று இன்றைக்குக் கேட்டாலும் அவர்கள் வாளியைத்தான் சொல்வார்கள். ருசி பிடிக்காமல் கொட்டுகிறார்கள் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் அதிகம் மீந்தது வெள்ளிக்கிழமை இரவு. பாதிப் பேர் ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்கள். மெஸ்ஸிலோ முழு எண்ணிக்கைக்கு உலை வைத்திருப்பார்கள். இப்போது வியாழனே பெயர் எழுதி வாங்கிவிடுகிறார்கள்.

உனக்கு நாள் குறைவென்றால், அந்த 120 பேரில் பத்துப் பேரிடம் அனுமதி கேட்டு வீட்டுக்குப் போ. சமையலறையிலும் குளியலறையிலும் இருப்பதைக் குறித்துக்கொண்டு ஃபார்மில் சொன்னதோடு ஒப்பிடு. அந்த ஒரு அத்தியாயம் போதும்.

கணக்கியல் ஆசிரியர், சென்னை: நிறுவனங்களின் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையை வகுப்பில் வைக்கலாமா?

கட்டாயம் வையுங்கள். பொறுப்பும் நிலைத்தன்மையும் பற்றிய இந்த அறிக்கையைச் சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்திலுள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் தர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவு. காசில்லாமல் கிடைக்கிறது. தண்ணீர்ப் பகுதியை மட்டும் எடுங்கள்: ஒரே தொழிலில் இரண்டு நிறுவனம், இரண்டு வருடம். ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒரு எண் இருக்கும். அது குறைந்தால் முன்னேற்றம் என்று மாணவர் எழுதிவிடுவார். நூற்பாலை என்றால், நூல் விலை ஏறினால் விற்றுமுதலும் ஏறும். ஒரு லிட்டர்கூட மிச்சம் பிடிக்காமலே அந்த எண் இறங்கும். மொத்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழக்குங்கள். தனி நிறுவனத்துக் கணக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்ததா என்பது அறிக்கையின் முற்பகுதியிலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் ஒப்பிட்டவர்களுக்கு நான் மார்க் போடுவதில்லை.

பி.காம். மாணவர், சேலம்: சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) என்பதும் இதுதானே?

இல்லை தம்பி. 2013 கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவு, முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிடச் சொல்கிறது, அதுவும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகளை மட்டும். அது லாபம் வந்த பிறகு செய்வது. அந்த லாபம் எப்படி வந்தது என்பதுதான் நம் கேள்வி.

மாணவி, புதுச்சேரி: நான்காம் ஆண்டு ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் சேர 75 சதவீதம் வேண்டுமாம். எனக்கு 68.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 பாடத்திட்டக் கட்டமைப்பில் அப்படித்தான் இருக்கிறது: முதல் ஆறு செமஸ்டரில் 75. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. நான் பார்த்த நல்ல ஆய்வு மாணவர்கள் பலர் அறுபதுகளில் மார்க் வாங்கியவர்கள். சாதாரண ஹானர்ஸிலேயே சேருங்கள். ஒரு ஆசிரியரைப் பிடித்து, சின்னதாக ஒரு கேள்வியை வருடம் முழுக்க விடாமல் துரத்துங்கள்.

கௌரவ விரிவுரையாளர், ஈரோடு: மாணவர்களைக் கம்பெனிக்குள்ளேயே விடமாட்டேன் என்கிறார்கள், மேடம்.

பயப்படத்தான் செய்வார்கள். படிவத்தில் அறுபது கேள்வியை அச்சடித்து நீட்டாதீர்கள். 12 மாத கரண்ட் பில் மட்டும் கேளுங்கள். யூனிட்டை, மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் உமிழ்வுக் காரணியால் (ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்ற எண்) பெருக்கினால் ஸ்கோப் 2 கணக்கு, அதாவது வாங்கிய மின்சாரத்தால் வந்த உமிழ்வு, வந்துவிடும். எந்த மாதம் ஏறியது, ஏன் என்று கேட்கப் போகும்போது முதலாளியே பேச ஆரம்பிப்பார். மாணவரின் அப்பா வேலை பார்க்கும் கம்பெனி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அறிக்கையில் பெயரோ அடையாளமோ வரக்கூடாது. முடிந்ததும் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி முதலாளி கையில் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் இதைச் செய்வதே இல்லை. அடுத்த வருடமும் அதே கம்பெனி வாசலில்தான் உங்கள் பிள்ளைகள் போய் நிற்க வேண்டும்.