வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே

அன்புள்ள சார்,

மதுரையில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டியிருக்கிறது. ‘ஐ கம்ப்ளீட்டட் யெஸ்டர்டே தி ரிப்போர்ட்’ என்று எழுதினேன், மேலாளர் திருத்தினார். ‘ஷி ஆல்வேஸ் இஸ் லேட்’ என்றதையும் மாற்றினார். ‘டு கிளியர்லி எக்ஸ்ப்ளெயின்’ என்பது பெரிய இலக்கணப் பிழை என்கிறார். காரணம் கேட்டால் ‘காதுக்கு நன்றாக இல்லை’ என்பதுதான் பதில். பள்ளியில் அட்வர்பின் (வினையடையின்) வகைகளை மனப்பாடம் செய்தேன். அதை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இதற்கு விதி ஏதும் உண்டா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விதி உண்டு. ஆனால் அட்வர்பையே பார்த்துக்கொண்டிருந்தால் அது பிடிபடாது, வினையைப் பார்க்க வேண்டும். காலம், இடம், விதம் என்று பிரித்துப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டு, அது எந்த வினையோடு எங்கே போய் நிற்கும் என்று சொல்லாமலே அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘நேற்று அறிக்கையை முடித்தேன்’ என்றாலும் ‘அறிக்கையை நேற்று முடித்தேன்’ என்றாலும் குழப்பமே இல்லை. கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஐ’ உருபு, அந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே போனாலும் அதைச் செயப்படுபொருள் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஓர் உருபு கிடையாது, வினைக்கு அடுத்து நிற்பதுதான் அதற்கு அடையாளம். அந்த இரண்டுக்கும் நடுவில் ஆங்கிலம் லேசில் யாரையும் நுழைய விடாது. ‘யெஸ்டர்டே’ வாக்கியத்தின் தொடக்கத்தில் வரலாம், அல்லது ‘ரிப்போர்ட்’டுக்குப் பின்னால் வரலாம், அவ்வளவுதான். ‘ஐ ஸ்பீக் வெல் இங்கிலீஷ்’ தவறாவதும் இப்படித்தான். ‘ஐ ஸ்பீக் இங்கிலீஷ் வெல்’ என்றே வர வேண்டும். (பிரெஞ்சிலும் பெயர்ச்சொல்லுக்கு உருபு இல்லை, ஆனாலும் அங்கே நடுவில் வைக்கலாம். ஆகவே இதை ஆங்கிலத்தின் சொந்தப் பிடிவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.)

செயப்படுபொருள் ஒரு நீளமான வாக்கியமாக வந்தால் பிடிவாதம் கொஞ்சம் தளரும். ‘ஷி எக்ஸ்ப்ளெயின்ட் கிளியர்லி வாட் ஹாட் ஹாப்பன்ட்’ சரிதான். அப்புறம், வினையோடு சேர்ந்தே பொருள் தரும் ஆஃப், அப் போன்ற குட்டிச் சொற்களின் கதை வேறு: ‘டர்ன் ஆஃப் தி லைட்’, ‘டர்ன் தி லைட் ஆஃப்’ இரண்டும் சொல்லலாம், ஆனால் லைட்டுக்குப் பதில் ‘இட்’ வந்தால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டும்தான்.

அடுத்து ‘ஆல்வேஸ்’. இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அதே வாக்கியத்தில் ‘நாட்’ எங்கே வரும் என்று பாருங்கள், அந்த இடத்தில் ஆல்வேஸை வையுங்கள். ‘ஷி இஸ் நாட் லேட்’, ஆகவே ‘ஷி இஸ் ஆல்வேஸ் லேட்’. ‘ஐ ஹாவ் நாட் சீன் இட்’, ஆகவே ‘ஐ ஹாவ் நெவர் சீன் இட்’. துணைவினை இரண்டு மூன்று வந்தாலும் முதலாவதுக்குப் பின்னால்தான். துணைவினையே இல்லாத வாக்கியத்தில் நாட் வருவதற்கு ‘டூ’வின் துணை வேண்டும், ஆல்வேஸுக்கும் நெவருக்கும் அது வேண்டாம், நேராக வினைக்கு முன்னால் போய் நின்றுவிடும்: ‘ஐ ஆல்வேஸ் செக் தி ஃபைல்’. ஆஃபன், யூஷுவலி, ஆல்ரெடி எல்லாம் பெரும்பாலும் இந்த இடத்துக்குத்தான் வரும். நீங்கள் எழுதிய ‘ஷி ஆல்வேஸ் இஸ்’ கூட ஓரிடத்தில் சரி. ‘அவள் லேட்டா?’ என்று ஒருவர் கேட்க, ‘யெஸ், ஷி ஆல்வேஸ் இஸ்’ என்று ‘இஸ்’ஸோடு பதிலை முடிக்கும்போது.

இதையெல்லாம் வினையின் பக்கமிருந்து சொல்லித்தர முடியும் என்று காட்டியவர்களில் ஏ. எஸ். ஹார்ன்பி முக்கியமானவர். 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலவே வினை கடைசியில்தான் வரும், செயப்படுபொருளுக்கு உருபும் உண்டு. அங்கே மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர், வேறு இருவரோடு சேர்ந்து ஓர் அகராதி செய்தார். 1942இல் டோக்கியோவில் வெளியான அதை 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. வினைகளை 25 வாக்கிய அமைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வினைக்கும் எந்த அமைப்பு என்று எண் போட்டுக் காட்டியிருந்தார்கள். ‘புட்’ என்ற வினையையே பாருங்கள். ‘ஐ புட் தி புக்’ என்று நிறுத்தினால் வாக்கியம் பாதியில் தொங்கும், எங்கே வைத்தேன் என்று சொல்லியே ஆக வேண்டும். பட்டியலை மனப்பாடம் செய்தால் இது தெரியவராது, ‘புட்’டைக் கற்கும்போதே சேர்த்துக் கற்க வேண்டிய சமாச்சாரம் இது.

கடைசியாக ‘டு கிளியர்லி எக்ஸ்ப்ளெயின்’. அது பிழை இல்லை. ‘டு’வையும் வினையையும் பிரித்து நடுவில் அட்வர்பை வைத்து 14ஆம் நூற்றாண்டு முதலே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். கூடாது என்ற பேச்சு 19ஆம் நூற்றாண்டில்தான் வலுத்தது. ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற பாதிரியார் 1864இல் வெளியிட்ட நூலில் இதை ஆட்சேபித்தது பலருக்கும் வேதவாக்காகிவிட்டது. சில இடங்களில் பிரிக்காவிட்டால்தான் சிக்கல். ‘வி டிசைடட் டு கிராஜுவலி ரெட்யூஸ் தி ஸ்டாக்’ என்றால் சரக்கைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தோம் என்று தெளிவாக இருக்கிறது. ‘கிராஜுவலி’யை ‘டு’வுக்கு முன்னால் கொண்டுபோனால் முடிவையே படிப்படியாக எடுத்தோம் என்றும் படிக்கலாம். இப்படிப்பட்ட வாக்கியத்தில் மேலாளர் திருத்தச் சொன்னால் இந்த இரண்டையும் எழுதி அவர் முன் வையுங்கள். மற்றபடி ‘டு எக்ஸ்ப்ளெயின் இட் கிளியர்லி’ என்று எழுதிவிட்டுப் போங்கள், பொருள் கெடாது.