ஸ்கூபா டைவிங் படகிலிருந்து முதுகுப் பக்கமாகத்தான் விழ வேண்டுமா? முன்பக்கமாகக் குதிக்கக் கூடாதா?

கட்டாயம் இல்லை. படகைப் பொறுத்தது. பெரிய படகாக இருந்தால் முதுகுப் பக்கமாக விழச் சொல்லவே மாட்டார்கள். ரப்பர் படகு மாதிரி சின்னதாக இருந்தால் பெரும்பாலும் அதுதான் வழி, அதிலும் வேறு வழி கேட்கலாம். இவ்வளவு போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி கொஞ்சம் நீளமாகப் போகும், இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கோபம் இருக்கிறது.

ஏற்கனவே வந்திருக்கும் பதில்களில் பாதி, "முன்பக்கமாக விழுந்தால் படகுக்குள்ளேதான் விழுவார்கள்" என்ற அரதப் பழசான ஜோக். எந்த டைவிங் படகில் ஏறினாலும் யாராவது ஒருவர் இதைத் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லிவிட்டுச் சிரிப்பார். பயந்துபோய்க் கேட்கிறவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

நீங்கள் நீச்சல் குளத்தில் பயிற்சியை முடித்துவிட்டு, முதல் முறையாகப் படகில் போகப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். குளத்தில் நின்ற நிலையில் காலை எட்டி வைத்து இறங்கியிருப்பீர்கள். அதை ஜாயன்ட் ஸ்ட்ரைட் என்பார்கள். பின்னால் மேடை வைத்த பெரிய படகுகளில் அதேதான். ஃபின்ஸின் (காலில் மாட்டும் துடுப்பு) முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்க விளிம்பில் நிற்பது, மிதக்க வைக்கும் ஜாக்கெட்டில் பாதி காற்று ஏற்றிக்கொள்வது, ஒரு கையின் உள்ளங்கையால் ரெகுலேட்டரையும் (மூச்சு விட வாயில் கவ்வும் கருவி) அதே கை விரல்களால் மாஸ்க்கையும் அழுத்திப் பிடிப்பது, தூரத்தில் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பெரிய எட்டு. குதிக்கக் கூடாது, எட்டு மட்டும்தான். எட்டும் நேரத்தில் குனிந்து தண்ணீரைப் பார்த்தால் உடம்பு முன்னால் சாயும், முகம் முதலில் போய் அடிக்கும், மாஸ்க் கழன்றுவிடும். ஒரு மீட்டர் உயரம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு மீட்டரிலேயே தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர். மாஸ்க்கைப் பிடிக்கச் சொல்வது சும்மா இல்லை.

சின்னப் படகில் இது ஏன் நடக்காது என்றால், அங்கே நிற்கவே முடியாது. நிரம்பிய அலுமினிய சிலிண்டர் ஒன்றே 16, 17 கிலோ இருக்கும். அதோடு, மிதக்காமல் கீழே போவதற்காகக் கட்டும் ஈயக் கட்டிகள். ஆடுகிற படகில் இவ்வளவையும் கட்டிக்கொண்டு, காலில் ஃபின்ஸோடு எழுந்து நின்றால் நீங்களும் விழுவீர்கள், பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்துத் தள்ளுவீர்கள். அதனால் இருபுறமும் விளிம்பில் உட்கார்ந்து, சிலிண்டர் வெளியே தொங்க, மோவாயை மார்போடு ஒட்டி, ஒரு கை மாஸ்க்கிலும் ரெகுலேட்டரிலும் இருக்க, இன்னொரு கையால் தலைக்குப் பின்னால் மாஸ்க்கின் பட்டையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே சாய வேண்டியது. சிலிண்டரும் முதுகும்தான் முதல் அடியை வாங்கும், முகத்துக்கு ஒன்றும் ஆகாது. ஓரிரு விநாடி எல்லாம் வெள்ளை நுரையாக, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் இருக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம், மூச்சை அடக்காமல் விட்டு இழுங்கள், ஜாக்கெட்டில் உள்ள காற்றே மேலே கொண்டுவந்துவிடும். வந்ததும் கை முஷ்டியைத் தலைமேல் வைத்து "சரி" என்று சைகை காட்டிவிட்டு, அடுத்தவர் இறங்க வேண்டிய இடத்தை விட்டு உடனே நகருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதுகுப் பக்கமாக விழும் முறையில் பிடிக்காத விஷயம் எனக்கு ஒன்றே ஒன்றுதான்: எங்கே விழப்போகிறோம் என்பது விழுகிறவர் கண்ணில் படாது.

நான் குள்ளம். ரப்பர் படகின் விளிம்பில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. சிலிண்டர் பின்னால் இழுக்க, வயிற்றை எக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். படகுப் பையன் சிலிண்டரின் வால்வைப் பிடித்துத் தாங்கிக்கொண்டிருப்பான். அன்றைக்கும் அப்படித்தான். எங்கள் பக்கம் மூன்று பேர், எதிர்ப்பக்கம் இரண்டு பேர். கைடு எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "மூன்று எண்ணுவேன், எல்லாரும் ஒன்றாக" என்றார். இது நியாயமான ஏற்பாடுதான். ஒருபக்கம் மட்டும் காலியானால் படகு மறுபக்கம் சாயும். ஒருவர் முன்னால் போய் இன்னொருவர் தாமதமாக விழுந்தால், முதலில் போனவர் மேலே வரும் நேரத்தில் அவர் தலையில் விழ வாய்ப்பிருக்கிறது.

எண்ணத் தொடங்கும் முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பது என் வழக்கம். பார்த்தேன். எனக்கு நேர் பின்னால் தண்ணீரில் காற்றுக் குமிழ்கள். கடல் பரப்பில் காற்றால் வரும் நுரை இல்லை. கொத்துக் கொத்தாகப் பொங்கி, கொஞ்சம் நின்று, திரும்பவும் பொங்கியது. அந்த இடைவெளி ஒரு ஆள் மூச்சு விடும் இடைவெளி. கீழே யாரோ இருக்கிறார்கள்.

கைடு "ஒன்று" என்றபோது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் பார்வை எதிர்ப்பக்கம் இருந்தது. "இரண்டு" என்றார். நான் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து "நிறுத்துங்கள்!" என்று கத்தினேன். எதிர்ப்பக்கம் இருந்த இருவரும் அந்தச் சத்தத்தையே மூன்றாக எடுத்துக்கொண்டார்களோ என்னவோ, விழுந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். படகு பக்கவாட்டில் ஒரு ஆட்டம் ஆடியது. பையன் என் வால்வை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கைடு எட்டிப் பார்த்துவிட்டு, "அது ஆழத்தில் இருக்கிறவங்க குமிழ். ஒண்ணும் ஆகாது, போங்க" என்றார். எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். பதில் இல்லை. பதில் சொல்ல முடியாது என்பதுதான் விஷயம். கீழே இருப்பவர் 20 மீட்டரில் இருக்கலாம். அல்லது மேலே வருவதற்கு முன் 5 மீட்டரில் வழக்கமாக நிற்கும் அந்த மூன்று நிமிடத்தில் இருக்கலாம். இரண்டாவது என்றால், அடுத்து அவர் செய்யப்போகிற காரியமே மேலே வருவதுதான். படகைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள் என்றேன். இரண்டு பேர் தண்ணீரில் இருக்கும்போது எஞ்சினைப் போட முடியாது என்றார் ஓட்டுநர். அதுவும் சரிதான், கீழே சுழல்வது எஞ்சினின் இறக்கை இல்லையா.

ஆக, காத்திருந்தோம். குமிழ்கள் மெல்ல விலகிப் போயின. அப்புறம் நாங்கள் மூவரும் விழுந்தோம். அதற்குள் நீரோட்டம் அந்த இருவரையும் நன்றாகத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. அவர்களிடம் நீந்திச் சேர்வதற்குள் எல்லாருக்கும் மூச்சு வாங்கி, காற்று செலவாகி, அந்த டைவ் பாதியில் முடிந்தது.

அந்த இடத்தில் யாரும் மேலே வரவில்லை. இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் வந்து கேட்பீர்கள். கைடு சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். படகு திரும்பும் வழியெல்லாம் அதையேதான் எல்லாரும் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நாளை அதே இடத்தில் அதே குமிழ்களைப் பார்த்தாலும் நான் கையைத் தூக்குவேன். முதுகில் இரும்பு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, பார்க்காமல், ஒருவர் தலை இருக்கக்கூடிய இடத்தில் விழச் சொன்னால், "அநேகமாக இருக்காது" என்பது எனக்குப் போதாது.

"நீரோட்டம் உள்ள இடத்தில் ஒருவர் நிறுத்தினால் மொத்தக் குழுவும் சிதறும், அதுதான் உண்மையான ஆபத்து" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கான தீர்வு நிறுத்தாமல் இருப்பதா? எண்ணத் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் தன் பின்பக்கத்தைப் பார்த்து "காலி" என்று சொல்ல வைப்பதும், நிறுத்தச் சொல்லும் சைகை என்ன என்று கரையிலேயே பேசிவைப்பதும்தானே? இரண்டும் அன்று நடக்கவில்லை. நான் எந்தக் கைடையும் குறைசொல்லித் தொழிலைக் கெடுக்க வரவில்லை. அருமையான கைடுகளோடும் போயிருக்கிறேன். அவர்கள் நீங்கள் கேட்காமலே உங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

இன்னொன்று. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் போக மனசில்லை. அன்று படகில் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "மேடம், உங்களுக்கு எத்தனை டைவ் ஆச்சு?" குமிழ் எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. எண்ணிக்கையைக் கேட்டார். டைவிங்கில் இந்த நோய் எங்கும் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால்கூட எண்ணிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் உங்கள் பேச்சுக்கு எவ்வளவு காது கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். ஒரே குளம் மாதிரி கடலில் நூறு தடவை இறங்கியவருக்கும், நீரோட்டத்திலும் கலங்கலிலும் இருபது தடவை இறங்கியவருக்கும் டைவ்களைக் குறித்துவைக்கும் நோட்டுப் புத்தகத்தில் வித்தியாசம் தெரியாது. நான் அவருக்கு எண்ணிக்கை சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அது தெரியாமல் என் பதிலை நம்ப முடியாது என்றால் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போங்கள்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். முதுகுப் பக்கமாக விழ உண்மையிலேயே பயமாக இருந்தால், முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். தாழ்வான மேடை இருக்கும் படகில் உட்கார்ந்தபடியே இறங்கலாம்: கால்கள் தண்ணீரில் தொங்க, இரண்டு கையையும் ஒரே பக்கம் ஊன்றி, உடம்பைத் திருப்பி, படகைப் பார்த்தபடி மெதுவாக வழுக்கி இறங்குவது. சத்தமே வராது. கடல் அமைதியாக இருந்தால், சிலிண்டரோடு ஜாக்கெட்டில் காற்றேற்றி முதலில் தண்ணீரில் போடச் சொல்லி, அப்புறம் நீங்கள் இறங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளவும் செய்யலாம். முதுகு வலி உள்ளவர்கள் பலர் இப்படித்தான் இறங்குகிறார்கள். இதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கேட்டதற்கு முகம் சுளிக்கும் படகில் வேறு விஷயங்களும் சரியாக இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

வீடியோக்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய இன்னொரு முறை, ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல் விழுந்து நேராகக் கீழே போய்விடுவது. பலமான நீரோட்டத்தில் மேலே மிதந்து அடித்துச் செல்லப்படாமல் இருக்க அப்படிச் செய்வார்கள். இப்போதைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். மேலே மிதந்து சரிபார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்காது, காதில் ஏறும் அழுத்தத்தை உடனே சமன் செய்ய வேண்டும், சிலிண்டர் மூடியிருந்தால் அதைக் கீழே போகும்போதுதான் கண்டுபிடிப்பீர்கள்.

அந்த மூடியிருக்கும் விஷயம் எந்த முறைக்கும் பொருந்தும் என்பதால் இதை மட்டும் விடாதீர்கள். விளிம்பில் உட்காரும் முன் அழுத்தமானியைக் கண் முன்னால் பிடித்துக்கொண்டு ரெகுலேட்டரில் நாலு மூச்சு நன்றாக இழுங்கள். முள் அசையாமல் நின்றால் நல்லது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே போய்த் திரும்பி வந்தால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. இறங்கிக்கொண்டே போய்த் திரும்பாமல் நின்றால் வால்வு மூடியே இருக்கிறது, குழாயில் மிச்சமிருந்த காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முள் காட்டும் அழுத்த எண்ணை மட்டும் பார்த்து "200 இருக்கிறது, போதும்" என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. மூடிய வால்விலும் குழாயில் அழுத்தம் நிற்கும் வரை அதே 200தான் காட்டும்.

கேமராவை மடியில் வைத்துக்கொண்டு விழாதீர்கள், இறங்கிய பிறகு மேலே இருந்து வாங்கிக்கொள்ளுங்கள். மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டும்.