கரண்ட் வந்ததும் சர்வர் தானே எழ வேண்டும்

மழைக்காலம் வந்தால் எங்காவது ஒரு கற்பூர மரம் லைன் மேல் சாயும், கரண்ட் போகும். நீலகிரியில் இது தெரிந்த கதை. இம்முறை வந்த லினக்ஸ் கேள்விகள் எல்லாம் அதையொட்டித்தான். லினக்ஸில் புரோகிராம்களை எழுப்பி நிர்வகிப்பது சிஸ்டம்டி; ஒவ்வொரு புரோகிராமையும் எப்படி ஓட்டுவது என்று அதற்குச் சொல்வது சர்வீஸ் ஃபைல்.

பச்சைத் தேயிலை எடைக் கணக்கு சர்வரை சிஸ்டம்டி சர்வீஸாகப் போட்டேன். ஸ்டார்ட் கொடுத்தால் ஓடுகிறது. ரீபூட் ஆனால் எழவில்லை. (கோத்தகிரி வாசகர்)

ஸ்டார்ட் இப்போதைக்கு மட்டும்தான். ஒவ்வொரு பூட்டிலும் எழ 'எனேபிள்' கொடுக்க வேண்டும். சர்வீஸ் ஃபைலின் இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை வரியில் மல்டி-யூசர் டார்கெட் (வழக்கமான பூட் நிலை) இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வரி இல்லாமல் எனேபிள் செய்தும் பயனில்லை.

ஹோம்ஸ்டே புக்கிங் ஆப், பைத்தானில் எழுதியது. டெர்மினலில் ஓடுகிறது, பூட்டில் விழுந்துவிடுகிறது. (குன்னூர் வாசகர்)

டெர்மினலில் நீங்கள் நிற்கும் ஃபோல்டர், பாஷ் செட்டிங் எதுவும் சிஸ்டம்டிக்குத் தெரியாது. எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் பைத்தானுக்கும் உங்கள் ஃபைலுக்கும் முழுப் பாதை கொடுங்கள். எந்த ஃபோல்டரில் ஓட வேண்டும் என்று சொல்லும் வொர்க்கிங்டைரக்டரி வரியும் வேண்டும். யூசர் வரியை விட்டுவிட்டால் ஆப் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசராக ஓடும்; அதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

அப்புறம், விழுந்த ஆப்பை மறுபடி எழுப்பச் சொல்லும் ரீஸ்டார்ட் வரி. போன ஆடியில் என் மெஷினில் டேட்டாபேஸ் எழுவதற்கு முன்பே ஆப் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து விழுந்தது. சிஸ்டம்டியின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் பார்த்தால் எல்லாம் ஒரே விநாடிக்குள் முடிந்திருந்தது. காரணம், ரீஸ்டார்ட் வரி இருந்து, இடைவெளியைச் சொல்லாமல் விட்டால் சிஸ்டம்டி 100 மில்லிவிநாடி இடைவெளியில் மறுபடி முயலும். 10 விநாடிக்குள் 5 தடவை ஆகிவிட்டால் கைவிட்டுவிடும். அந்த இடைவெளியைச் சொல்லும் ரீஸ்டார்ட்செக்கை 10 விநாடி ஆக்கினேன், எதற்குப் பிறகு எழ வேண்டும் என்று சொல்லும் ஆஃப்டர் வரியில் டேட்டாபேஸ் சர்வீஸைச் சேர்த்தேன், சரியாயிற்று. ஃபைலைத் திருத்தியதும், சிஸ்டம்டி அதை மறுபடி படிக்க டீமன்-ரீலோட் கொடுக்க மறக்காதீர்கள்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் மழையளவு பதிகிறேன். கரண்ட் வந்ததும் பழைய நேரத்தில் பதிவாகிறது. (கூடலூர் வாசகர்)

அந்தப் போர்டில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. இன்டர்நெட் கிடைத்த பிறகுதான் சரியான நேரம் வரும். மலையில் கரண்ட் வந்தாலும் நெட் வரத் தாமதமாகலாம். டைம்-சிங்க் டார்கெட்டுக்காக, அதாவது நேரம் சரியாகும்வரை, காத்திருக்கச் சொன்னால், நெட் வரும்வரை மழையே பதிவாகாது. டிஎஸ்3231 என்ற பேட்டரிக் கடிகார மாட்யூல் ஒன்றை மாட்டுங்கள். மழைக் கணக்குக்கு அதுதான் சரி.

கரண்ட் வந்தும் கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை. (ஊட்டி வாசகர்)

இது லினக்ஸ் வேலை இல்லை. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் லினக்ஸுக்கு முன்பே ஓடும் பயாஸில் 'ஏசி பவர் லாஸ்' போன்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கும். அதை 'பவர் ஆன்' என்று மாற்றுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிடம் விட்டு, மறுபடி செருகிப் பாருங்கள்.