ஒன்று, இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களிடம் பாடத்திறனைத் தவிர, பழகும் முறையில் பெற்றோர் எவற்றை எதிர்பார்க்கிறார்கள்? அவை நியாயமானவையா?

தொடக்க வகுப்புகளில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் பதில் தருகிறேன். நேரடியாகக் கேட்டால் பெரும்பாலான பெற்றோர், ஆசிரியர் அன்பானவராகவும் பொறுமையானவராகவும் இருந்தால் போதும் என்பார்கள். ஆனால் அவர்கள் உண்மையில் மனநிறைவோடு எழுந்து செல்வது, தம் பிள்ளையை இந்த ஆசிரியர் தனியாக அறிந்து வைத்திருக்கிறார் என்று உணரும்போதுதான். "நன்றாகப் படிக்கிறான், கொஞ்சம் சேட்டை" என்பதை எந்தப் பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிடலாம். "வாய்க்கணக்கில் தயங்குவதே இல்லை, ஆனால் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் அடிக்கடி எழுந்து முன்னே வருகிறான், ஒருமுறை கண் பரிசோதனை செய்துவிடுங்கள்" என்று சொல்வதற்கு அவனைக் கவனித்திருக்க வேண்டும்.

இந்த எதிர்பார்ப்பு முழுக்க நியாயமானது என்றே கருதுகிறேன். ஐந்தாறு வயதுப் பிள்ளையிடம் பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்ற பதில்தான் கிடைக்கும். தன் நாளைக் கோவையாகச் சொல்லத் தெரியாத வயதில், பெற்றோர் ஆசிரியரைத்தான் நம்பியிருக்க வேண்டியுள்ளது.

பிள்ளையிடம் பொறுமை என்பது குரலைத் தாழ்த்திப் பேசுவது மட்டுமன்று. 1970களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டறிந்தார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையின் தாய் "என் மகளைப் பேச விடுங்கள்" என்று கேட்பது ஏறத்தாழ இந்தக் காத்திருப்பைத்தான். இத்தகைய உறவின் தாக்கம் நெடுங்காலம் தொடர்வதற்கும் சான்று உண்டு. ஹாம்ரே, பியான்டா ஆகிய இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 179 குழந்தைகளை மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்து, தொடக்கத்தில் ஆசிரியரோடு இருந்த பிணக்கு பிற்காலப் படிப்போடும் நடத்தையோடும் தொடர்புடையதாக இருந்ததைக் காட்டினர்.

குறையைச் சொல்லும் விதத்தில்தான் ஆசிரியர்கள் பலர் தடுமாறுகிறோம். பள்ளி வாயிலில், மற்ற பெற்றோர் காதுபட, பிள்ளையையும் அருகில் நிறுத்திக்கொண்டு "இன்றும் ஒருவனை அடித்துவிட்டான்" என்று சொன்னால், சொல்லும் செய்தி உண்மையாகவே இருந்தாலும் தகப்பனாரின் காதில் விழுவது அவமானம் மட்டுமே. அதையே தனியாக அமர்த்தி, எப்போது, எதற்குப் பின் அது நடந்தது என்று விவரித்து, வீட்டில் எப்படி இருக்கிறான் என்றும் கேட்டால், பெரும்பாலோர் தற்காப்பை விட்டுப் பேச முன்வருகிறார்கள்.

ஏற்க முடியாத எதிர்பார்ப்புகளும் உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் ஆசிரியரின் பழகும் திறனில் சேர்ந்ததே. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் கேட்டு உடனடிப் பதிலை எதிர்பார்ப்பது மற்றொன்று. அவசரமல்லாதவற்றுக்கு மறுநாள் பள்ளி முடிந்தபின் பதில் வரும் என்று ஆண்டின் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லிவிட்ட ஆண்டுகளில் இதன் பொருட்டு மனத்தாங்கல் எழுந்ததில்லை.